மரங்கள் சாய்ந்த வாரம்

எங்கள் சபையில் ஆராதனை முடிவதற்கு முன் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தொலைந்த ஆடு கிடைத்தது, மகனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது, டாக்டர் கைவிரித்த காய்ச்சல் இறங்கியது. எல்லாச் சாட்சியும் நல்லபடியாகத்தான் முடியும். நல்லபடியாக முடியாததைச் சொல்ல ஒருவர் எழுந்து நான் பார்த்ததில்லை. போதகர்கள் மாறி மாறி வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "மறியல் சமயத்துல ஐயாவை ஆண்டவர் காப்பாத்துனதைச் சொல்லுங்களேம்மா." எனக்கு முட்டிவலி என்று சொல்லி உட்கார்ந்தே இருந்துவிடுவேன். முட்டிவலி பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. என் சாட்சியில் பாதிதான் நல்லபடியாக முடியும். மீதிப் பாதியை முழுங்கிவிட்டுச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டார்கள்.

அப்போது நாங்கள் கல்வராயன் மலையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே அரசாங்கத்தின் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். மலைமேல் வேலை என்றாலே தண்டனை என்று மற்ற வாத்தியார்கள் புலம்புவார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். வந்து இறங்கிய அன்று, அட்டைப்பூச்சி ஏறிய காலோடு நான் அழுதபோது, "ஆண்டவர் நம்மள இங்கதான் வெச்சிருக்காரு" என்று சிரித்தார். ஆண்டவர் வைத்தாரோ இல்லையோ, நீங்கள் மனுப் போட்டீர்கள் என்று நான் சொன்னேன்.

அவர் ஜெபிக்கிற மனிதர். சைக்கிள் சாவி தொலைந்தால்கூட நின்ற இடத்தில் கண்ணை மூடுவார். எங்கள் வீட்டில் ஜெபம் அவர் இலாகா, சமையல் என் இலாகா. பிறந்ததிலிருந்து நானும் கிறிஸ்தவள்தான். ஆனால் வாயைத் திறந்து சொந்த வார்த்தையில் ஜெபிக்க எனக்கு வராது. கூச்சம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அவர் இருக்கும்போது நான் எதற்கு என்ற சோம்பல்தான் உண்மை.

மலைக்குக் கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள், ஒரு பஸ்ஸும் ஓடவில்லை, சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிகின்றன என்று கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்குச் சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். ஊருக்கு வெளியே கிழக்கில் காலனி. அங்கேதான் இருவரின் பெற்றோரும் இருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ, "கேக்கறது நியாயம்தான். அவங்க புள்ளைங்களும் படிக்கணுமில்ல" என்றார். "நியாயம்னா மரம் இன்னாங்க பண்ணுச்சு?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அரசியல் அவ்வளவுதான்.

மறியல் தொடங்கிய மறுநாள் அவருக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் மொச்சைக்கொட்டைமேல் பழி போட்டோம். சாயங்காலம் வாந்தி எடுத்தார், காய்ச்சல் அடித்தது. வலி வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸம்மா வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போது வராத கத்தல், கையை எடுத்தபோது வந்தது. நர்ஸம்மா என்னை வெளியே கூப்பிட்டார்.

"குடல்வாலா இருக்கும்னு நெனைக்கிறேன். அது வெடிச்சுதுன்னா உள்ள சீழ் பரவிடும், அப்புறம் ஆளு தங்கமாட்டாரு. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்தே ஆவணும்."

"ரோடு இல்லியேங்க."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பொழுது விடிந்ததும் மலைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அப்பன்மார். தடித்த போர்வையை மூங்கில் கழியில் தூளியாகக் கட்டி அவரைப் படுக்கவைத்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் பள்ளிச் சமையற்காரம்மாவிடம் விட்டேன். சின்னவள் தூளியைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இன்னாத்துக்குத் தொட்டில்?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிவிட்டு இறங்கினேன்.

இறக்கத்தில் அவர் முனகிக்கொண்டே ஜெபித்தார். தூளிக்குள்ளிருந்து அந்த முணுமுணுப்பு கேட்கிறவரை எனக்குத் தைரியமாக இருந்தது. அடிவாரம் வந்தபோது அது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, உதடு மட்டும் வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னால முடியல. இனிமே நீ ஜெபம் பண்ணு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. மலை ஏறி வந்து உமக்கு ஊழியம் மாதிரி வேலை பார்க்கிற மனிதனை இந்த வாரம் பார்த்தா படுக்கவைக்க வேண்டும், போன மாதம் படுக்கவைத்திருந்தால் பஸ் இருந்ததே என்று மனதுக்குள் சண்டை போட்டேன். அதை ஜெபம் என்று சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஆமென் போட்டு முடிக்கிற மாதிரி இல்லை.

அடிவாரத்தில் ஒரு கட்டைவண்டி கிடைத்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற வண்டி. வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தினோம். மலைக்காரர்கள் கூடவே நடந்துவந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி முதல் மரம் எதிர்ப்பட்டது. நூறு வருஷத்துப் புளியமரமாக இருக்கும். கிளையெல்லாம் அப்படியே பச்சையாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கிடந்தது. அடிமரத்தின்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் கோடாலி.

"எங்க போறீங்க?" என்றான் கோடாலிக்காரன்.

"ஆஸ்பத்திரிக்குங்க. வவுத்துல கட்டி. வெடிச்சிடும்னாங்க."

"யாரு அவரு?"

"மலமேல வாத்தியாருங்க."

"பேரு?"

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பேரைச் சொல்லும் வழக்கமில்லை. வேதக்காரர்கள் ஆனாலும் அந்த வழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. சபைக் காரியங்களில்கூட, 'பிள்ளைகளுடைய அப்பா' என்றுதான் சொல்வேன். நான் திருதிருவென்று விழிக்க, அவன் சந்தேகப்பட்டு மரத்திலிருந்து குதித்து இறங்கினான்.

"இன்னாம்மா, புருஷன் பேரு தெரியாதா? யார இட்டுகினு போற?"

அப்போது வைக்கோலிலிருந்து குரல் வந்தது. அவரே தன் பெயரைச் சொன்னார். எங்கள் வேதத்தில் வருகிற பெயர். அதைக் கேட்ட பிறகு வேறு எதையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டான்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருல எந்தப் பக்கம்?"

என் வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பதில் அவனுக்குத் தெரியும், என் வாயால் வர வேண்டும். பயத்தின்மேலேயே எனக்கு ஆத்திரமும் ஏறியது.

"கிழக்கால" என்றேன், சத்தமாகவே.

கோடாலிக்காரன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "இவங்களுக்குத்தான் எல்லாம் கெடச்சிபூடுச்சே. இவங்களுக்கின்னா அவசரம்?" என்றான். மதம் மாறியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, சர்க்கார் பட்டியலில் நீயும் நாங்களும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறோம் என்று அவனுக்கு விளக்கலாம். அதற்கு அது இடமா? நான் வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிக்காரர் மாட்டைத் திருப்பத் தயாராகக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்.

துண்டைத் தலையில் கட்டிய வயசாளி ஒருவர் இறங்கி வந்து வண்டிக்குள் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"சக்கரம் எதுவும் போவக்கூடாது. கலெக்டரு வண்டியா இருந்தாலும் கட்டவண்டியா இருந்தாலும் அதான். அது நம்ம பேச்சு. தோள்ல தூக்கினு போற ஆளப் பத்தி நாம பேசல" என்றார், என்னைப் பார்க்காமல், தன் ஆட்களைப் பார்த்து.

மறுபடி தூளி கட்டினோம். அடிமரம் இடுப்பு உயரம். மலைக்காரர்கள் இரண்டு பேர் ஏறி நின்று வாங்க, கீழே கழியின் பின்முனை தாழ்ந்தது, அவர் அலறினார். யாரோ ஓடிவந்து அந்த முனையைத் தாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் கோடாலிக்காரன். தூளி அந்தப் பக்கம் இறங்கும்வரை பிடித்திருந்தான். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். வேர்வையைத் துடைத்தானா, வேறெதையாவது துடைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனை மரம் தாண்டினோம் என்று எண்ணவில்லை. சில இடங்களில் ஆளே இல்லை, மரம் மட்டும் கிடந்தது. சில இடங்களில் கரும்புக்கொல்லை வழியாகச் சுற்றிப் போனோம். ஒரு இடத்தில் தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. மலைக்காரர்களில் மூத்தவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "போலீசு" என்றார். சாலையில் கண்ட ஆண்பிள்ளைகளையெல்லாம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று வழியில் சொல்லியிருந்தார்கள். நாலு பேரும் தூளியை நடுரோட்டில் இறக்கிவைத்துவிட்டுக் கரும்புக்குள் மறைந்துவிட்டார்கள்.

நானும் அவரும் மட்டும். வெயில் தகித்தது. முந்தானையை விரித்து அவர் முகத்துக்கு நிழல் பிடித்தேன். லாரி வந்தால் கும்பிட்டுக் காலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கொண்டுவிடச் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை. லாரி வளைவுக்கு அந்தப் பக்கம் கிடந்த மரத்தோடு நின்றது. கொஞ்ச நேரம் உறுமியது. திரும்பிப் போய்விட்டது.

"ஜெபம் பண்ணியா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"பண்ணிக்கினேதாங்க வரேன்" என்று பொய் சொன்னேன்.

கரும்புக்குள் சலசலப்பு இல்லை. மலைக்காரர்கள் அப்படியே போய்விட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்குட்டிக்காரர்கள். இந்த மனிதர் இங்கேயே, இந்தத் தார்மேலேயே போய்விடுவார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பிணத்தை எப்படித் தனியாகக் காப்பது என்றுகூட யோசித்தேன், வெட்கமில்லாமல். அப்போது கரும்புச் சோகை விலகியது. நாலு பேரும் வந்து ஒன்றும் நடக்காதது போலக் கழியைத் தோளில் ஏற்றினார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு உச்சி வெயில் சாய்ந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். டாக்டர் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸிலேயே இருந்ததால் மறியலில் மாட்டிக்கொள்ளவில்லை. பார்த்தவுடனே உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். "உள்ள வெடிச்சிடுச்சா இல்லியான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். நீங்க வெளிய இருங்கம்மா" என்றார். மலைக்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊர்ப்பக்கம் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். வராந்தாவில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தேன்.

எதிர்ச் சுவரோரம் கதவுப் பலகை ஒன்றின்மேல் ஒரு ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். இடுப்பிலிருந்து துணி போர்த்தியிருந்தது, துணியில் ரத்தம் ஊறியிருந்தது. தலைமாட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி, நெற்றி நிறையக் குங்குமம். சுற்றி நின்ற ஆட்கள் பேசிக்கொண்டதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. தியாகதுருகம் சாலையில் மரம் வெட்டியபோது, கிளை இவர்கள் நினைத்த பக்கம் சாயாமல் இவர்மேல் சாய்ந்துவிட்டது. உள்ளே ரத்தம் போகிறது, இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேன் வாசலிலேயே நின்றது, டிரைவரும் இருந்தார். பாதைதான் இல்லை. வெட்டினவர்களே மரத்தை அறுத்து ஒதுக்கப் போயிருந்தார்கள்.

நல்லா வேணும் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, உள்ள இருக்கறது உங்க வூட்டுக்காரரா?"

"ஆமா."

"நீங்க கிறிஸ்டியனா?"

மறுபடியும் அந்த வெறும் நெற்றிதான். காலையில் கேட்ட கேள்விகள் எல்லாம் ஞாபகம் வந்து, "ஆமா, அதுக்கின்னா?" என்றேன் வெடுக்கென்று.

"எங்க அம்மனுக்கு வேண்டிக்கினுதான் இருக்கேன். இன்னும் ஒண்ணும் காணோம். உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லேங்க்கா. ரெண்டு பேருகிட்ட சொன்னா, யாராவது ஒருத்தரு காதுல வுழாதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஆளுங்க வெட்டுன மரம்தான். யார இன்னான்னு சொல்றது?" என்றாள்.

அவள் கையைக் கூப்பிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். என் வீட்டுக்காரருக்காகவே வராத வார்த்தை இவள் புருஷனுக்கு எங்கிருந்து வரும்? முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணை மூடினேன். உள்ளே ஒரே இருட்டு. வாயைத் திறந்தேன். வந்தது.

"எங்கள் ஆண்டவரே, எங்கள் முன் நீர் வைத்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம்."

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. அது சாப்பாட்டு ஜெபம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. தினம் தட்டு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணைத் திறந்து கருவாட்டைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பிக்குமே, அது. அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்த ஒரே ஜெபம். முன்னால் ஒரு மனிதன் ரத்தம் போய்க் கிடக்கிறான், நான் வைத்ததற்கு நன்றி சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் அவளுக்கு என்னவென்று சொல்வது? மிச்சத்தையும் சொன்னேன்.

"உம் கையால் தொட்டு ஆசீர்வதியும். இல்லாதவர்களை நினைத்தருளும். இதைச் செய்த கைகளைக் காத்துக்கொள்ளும். ஆமென்."

கடைசி வரி சமைத்தவளுக்கானது, எங்கள் வீட்டில் அது நான். கண்ணைத் திறக்கவே அவமானமாக இருந்தது. திறந்தால் அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நல்லா கீதுக்கா. இன்னொருவாட்டி சொல்லு."

தெரிந்தேதான் இரண்டாவது முறை சொன்னேன். மூன்றாவது முறை அவள் கேட்காமலே சொன்னேன். மலையிலிருந்து இறங்கியதிலிருந்து என்னைப் பிடித்திருந்த பயம் எப்போது விட்டதென்று தெரியவில்லை, ஆனால் விட்டுவிட்டது. அவர் பிழைப்பார் என்று நம்பிக்கை வந்ததால் அல்ல. அது வரவில்லை. காலையிலிருந்து நான் ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தேன். இந்த ஜெபத்தில் பேரம் இல்லை. எங்கள் முன்னால் இருப்பது இது, இதை நீரும் பாரும் என்பதுதான் இருந்தது. ஆண்டவர் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக, வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல், எனக்கே தோன்றியது.

பிற்பாடு என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சிரித்தார். "கருவாட்டு ஜெபமா? சிரிக்க வெக்காத, பிரிஞ்சிடும்" என்றார். பிறகு, "ஆனா பாரு, ஆண்டவரும் கடைசி ராத்திரி அப்பத்தக் கையில எடுத்துக்கினு ஸ்தோத்திரம்தான் பண்ணாரு. மறுநாளு இன்னா நடக்கப்போவுதுன்னு தெரிஞ்சிக்கினே" என்றார். வருஷத்துக்கு எத்தனையோ தடவை நற்கருணை எடுத்தவள்தான் நான். அதை அப்படி யோசித்ததில்லை.

வெயில் இறங்கும்போது டாக்டர் வெளியே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இனி பயமில்லை என்றார். எனக்கு அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் பார்வை என்னைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. நாலடியில் அங்கே போய்க் குனிந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு கழுத்தில் விரலை வைத்தார். வாசலில் வேன் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அவளைப் பிடித்துக்கொள்ள ஓடினேன். என் தோளில் அவள் முகம் மோதியது, என் புடவையெல்லாம் குங்குமம். என் நெஞ்சுக்குள் அவர் பிழைத்துவிட்டார், அவர் பிழைத்துவிட்டார் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் அவளோடு சேர்ந்து அழுதேன். ஆண்டவர் என் பக்கம் மட்டும் காது கொடுத்தார் என்று யாராவது சொன்னால், அந்த ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் மாற்றமில்லை.

பாதை இல்லாததால் பிணத்தையும் உடனே ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. மறுநாள் காலையிலும் அவள் அந்தப் பலகையின் தலைமாட்டிலேயே இருந்தாள். அவர்கள் ஆட்கள் தோள்மாற்றித் தூக்கிப் போக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே கண் விழித்துத் தண்ணீர் கேட்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த எங்கள் சபை நர்ஸ் ஒருவர் தன் வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாழையிலைத் துண்டில் பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"பொணம் கெடக்கறப்ப எப்பிடிக்கா துண்றது?" என்றாள்.

"அவ்ளோ தூரம் நடக்கணும். உன் புள்ளைங்க அங்க உன்னத்தான் பாத்துக்கினு இருக்கும். விழுந்துட்டின்னா அதுங்களுக்கு யாரு?"

இலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாகக் கண் தானாக மூடும். அன்று மூடாமல் பார்த்துக்கொண்டேன். இட்லி முன்னால் அதைச் சொன்னால், நேற்று அவள் புருஷனுக்காக நான் சொன்னது என்ன ஜெபம் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் இந்த நேரத்தில் அவள் மனசு என்ன பாடுபடும்? பேசாமல் இட்லியைப் பிட்டேன்.

அவள் இலையைத் தொடவில்லை. "சொல்லலியாக்கா?" என்றாள்.

"எத?"

"நேத்து சொன்னியே, அதான்."

வேறு வழியில்லை. "எங்கள் ஆண்டவரே, எங்கள் முன் நீர் வைத்ததற்காக" என்று ஆரம்பித்தேன். பக்கத்திலேயே அந்தப் பலகை, முகம்வரை போர்த்திய துணி. ஸ்தோத்திரம் என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை தவறாமல். உம் கையால் தொட்டு ஆசீர்வதியும். இல்லாதவர்களை நினைத்தருளும். இதைச் செய்த கைகளைக் காத்துக்கொள்ளும் என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே ஆமென் சொல்லி முடித்தாள்.

"நீ இத எங்க கத்துக்கின?" என்றேன்.

"என் பசங்க போற இஸ்கூலு உங்காளுங்க நடத்தறது. மதியம் சோறு வாங்கிக்கினு இந்தமாதிரிதான் சொல்லுங்க. வூட்டுக்கு வந்தும் சொல்லுங்க. சோத்துக்குச் சொல்றதுன்னு நேத்தே தெரியுங்க்கா."

"தெரிஞ்சுதானா திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்ன?"

"உனக்கு வேற எதுவும் வரலன்னு தெரிஞ்சுது. வந்தத எங்களுக்காகச் சொன்ன. அது போதும்னு இருந்துச்சு" என்றாள்.

இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.